தோன்றா எழுவாய்

நகர மன்ற அறிவிப்புக்கு
ஒரு சொல்லுக்கு இத்தனை காசு.
நான்கு மொழிக்கும் ஒரே அளவு கட்டம்.
சீனம் பாதியிலேயே முடிந்து
காலை நீட்டிக்கொள்ளும்.
தமிழ் மட்டும் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கும்,
மாலை ஆறு மணி எம்ஆர்டியில்
கடைசியாய் ஏறியவர் போல.
எழுத்தைச் சிறிதாக்கிவிடுவார்கள்.

சென்ற மாதம் வந்தது இது:
‘பொது நடைவழிகளில் வைக்கப்பட்டுள்ள பொருள்கள்
பதினான்காம் தேதிக்குள் அப்புறப்படுத்தப்படாவிடில்
முன்னறிவிப்பின்றி அகற்றப்படும்.’

முன்னறிவிப்பு இல்லை என்பதற்கு
ஒரு முன்னறிவிப்பு.
சிரித்தேன்.
ஒரு காற்புள்ளியை நகர்த்தி அனுப்பினேன்.
அப்புறப்படுத்தப்படாவிடில்:
மூச்சு வாங்கும் நீளம்,
கணக்கில் ஒரே சொல்,
காசும் ஒரு சொல்லுக்குத்தான்.

செயப்பாட்டு வினைக்குப் ‘படு’ சேர்க்க வேண்டும்
என்று உயர்நிலை இரண்டில் படித்தேன்.
படு என்றால் படுத்துக்கொள்.
படு என்றால் அனுபவி.
படுகுழியிலும் படு, படுமோசத்திலும் படு.
கை படும், வெயில் படும், கண் படும்.
இவ்வளவு பட்டறிந்த சொல்லை
வாக்கியத்தின் வாசலில் நிறுத்திச்
சீருடை மாட்டிவிட்டிருக்கிறோம்.
உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்
சொல்லாது.

இலக்கணப்படி பார்த்தால்
அகற்றப்படும் நாற்காலிதான் இங்கே எழுவாய்.
அகற்றுகிறவர் வர
‘ஆல்’ என்று ஓர் உருபு போதும்.
இரண்டே எழுத்து.
போடுவதில்லை.
அவருக்கு நானாக வைத்த பெயர்
தோன்றா எழுவாய்.
தமிழாசிரியர் பார்த்தால் சுழித்துவிடுவார்.

மார்சிலிங்கில் எங்கள் புளோக், ஏழாம் மாடி.
மின்தூக்கிக்குப் பக்கத்தில்
என் வாக்கியம் ஒட்டப்பட்டிருந்தது.
(பாருங்கள், எனக்கும் தொற்றிவிட்டது.)
பக்கத்து வீட்டு ரொஹானி
மலாயைப் படித்துக்கொண்டிருந்தார்.
கடைத்தொகுதியில் இரவுக் காவல் அவருக்கு.
விடியலில் வந்து
கதவுக்கு வெளியே பிரம்பு நாற்காலியில் சாய்ந்து
கறுப்புக் காலணியைக் கழற்றுவார்.
ஒன்று விழும். வெகுநேரம் கழித்து
இன்னொன்று.

அவர் மொழியிலும் உண்டு அந்த வித்தை.
எங்களுக்கு வினையின் வாலில்,
அவர்களுக்குத் தலையில்,
‘டி’ என்று ஒரு சின்னக் கொம்பு.
அதில் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.
“சியாப்பா?”
யார்?

தெரியாது என்றேன்.
தமிழ்க் கட்டத்தை
முதுகால் மறைத்துக்கொண்டு.

பதினைந்தாம் தேதி, காலை ஒன்பதரை.
ரொஹானி தூக்கத்தில்.
தள்ளுவண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.
பச்சை மேலங்கி, கழுத்தில் அட்டை:
ஷொஃபிகுல்.
நாற்காலியை ஆட்டிப் பார்த்தார்.
மின்தூக்கி வரத் தாமதம்.
அதிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

வாழ்க்கையில் முதன்முறையாக
தோன்றியது என் எழுவாய்.
தோன்றி, உட்கார்ந்திருந்தது.

“அக்கா, இது உங்களதா?”
தமிழில் கேட்டார்.
மன்னார்குடிக்காரர்களோடு
ஐந்து வருடம் ஒரே விடுதி அறையாம்.
இல்லை என்றேன்.
அது உண்மை.
அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம்.
அதுவும் உண்மை.

எழுந்தார்.
“அப்ப நான் எடுக்குறேன் அக்கா.”

நான். எடுக்குறேன்.
பதினோரு வருடத்தில்
எந்த அறிவிப்பிலும் நான் எழுதாத வாக்கியம்,
டாக்காவிலிருந்து வந்தவர் வாயில்
அத்தனை சுத்தமாய்.

அடுத்த அறிவிப்பில் முயன்றேன்:
‘எங்கள் பணியாளர் ஒருவர் வந்து
எடுத்துச் செல்வார்.’
திரும்பி வந்தது.
பொருளில் பிழையில்லை,
கட்டத்தில் அடங்கவில்லை.

ரொஹானி இப்போது
நின்றபடியே காலணி கழற்றுகிறார்.
ஒரு கை சுவரில் படுகிறது.
தினமும் பட்டுப் பட்டு
அங்கே வெள்ளைச் சாயம் லேசாகக் கறுத்திருக்கிறது.
அதைப் பற்றி
இன்னும் எதுவும் அறிவிக்கப்படவில்லை.